மரம் ஏறப் படித்தவருக்கு முதல் வேலை எங்கே?

தேங்காய், கருவாடு, இறால், உப்பு, கஜு என்று புத்தளக் கரையோரத்தில் பணம் புரளும் தொழில்கள் எல்லாம் நமது வாசகர்களுக்கு அத்துப்படி. இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் தொழிலுக்கோ தமிழில் ஒரு பெயர்கூட இன்னும் சரியாக அமையவில்லை. ஆங்கிலத்தில் ‘ட்ரீ சேர்ஜன்’ என்பார்கள். மரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்பவர் என்று பொருள். பட்டுப்போன கிளையை அகற்றுவது, கூரைக்கு மேல் சாய்ந்ததைத் துண்டு துண்டாக இறக்குவது, எந்த மரம் நிற்கும், எந்த மரம் விழும் என்று பார்த்துச் சொல்வது எல்லாம் இவரது வேலை. நமது ஊர்களில் இதைச் சொன்னால், “ஓ, மரம் வெட்டுறவரா?” என்று கேட்பார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகின்ற ஒருவருக்கு முதல் தடையே அந்தக் கேள்விதான்.

மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலையில் அப்படியான ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வளைகுடா நாடொன்றில் பூங்காப் பராமரிப்புக் கம்பனி ஒன்றில் நான்கு வருடங்கள் இருந்தவர். பேரீச்ச மரத்தில் ஏறி மட்டை கழிப்பது, பருவம் பார்த்துப் பாளைக்கு மகரந்தம் போடுவது என்று தொடங்கி, கடைசி வருடத்தில் கயிற்றில் தொங்கியபடி பெரிய மரங்களின் கிளைகளை வெட்டி இறக்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கொண்டுவந்த பையில் இடுப்பையும் தொடையையும் சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டி, தலைக்கவசம், இரண்டு நீளக் கயிறுகள், கொக்கிகள், ஒரு கைவாள். மூன்று மாதங்கள் அந்தப் பை திறக்கப்படவே இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. சான்றிதழைப் பிரதியெடுத்துப் பல இடங்களுக்கு அனுப்பினார். பதில் இல்லை. பத்திரிகைகளில் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ பகுதியைப் பார்த்தார். சாரதி, காசாளர், பேக்கரி பாஸ், தையல்காரர் எல்லாம் தேவைப்பட்டார்கள். மரத்துக்கு வைத்தியம் பார்ப்பவரை ஒருவரும் தேடவில்லை. தென்னந்தோட்டம் ஒன்றுக்குப் போனார். “தேங்காய் பறிப்பீங்களா?” என்று கேட்டார்கள். நமது பகுதியில் தேங்காய் பறிப்பவர் பெரும்பாலும் மரத்தில் ஏறுவதில்லை. நிலத்தில் நின்றே நீண்ட கொக்கத்தடியால் குலையை இழுத்து விழுத்திவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு, வருடத்துக்கு ஆறு. அந்த வேலையில் பழகியவரின் வேகத்துக்குக் கயிற்றுக்காரர் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

பிரதான வீதியோரத்தில் களஞ்சியம் வைத்திருக்கும் முதலாளி ஒருவர்தான் முதன்முதலில் விலை கேட்டார். களஞ்சியக் கூரைச் சீற்றுக்கு மேலே ஒரு மாமரக் கிளை சாய்ந்து நின்றது. இளைஞர் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு 28,000 ரூபா என்றார். முதலாளி சிரித்துவிட்டார்.

“தம்பி, பக்கத்து ஊர்ப் பொடியன் அஞ்சாயிரத்துக்கு ஏறி வெட்டிப் போட்டுட்டுப் போவான். நீங்க கயித்தையும் தொப்பியையும் காட்டி இருபத்தெட்டுக் கேக்குறீங்களே?”

இந்தப் பேரம் எனக்குச் சொல்லப்பட்டபோது, அவர் விலை போட்ட தாளை வாங்கிப் பார்த்தேன். நிலத்தில் நின்று கயிறு பிடிக்கும் இருவருக்கு ஆளுக்கு 4,500 வீதம் 9,000. இயந்திர வாளுக்கு எண்ணெய், சங்கிலி தீட்டும் செலவு 2,000. வெட்டியதை ஏற்றிச் செல்ல வாகனம் 4,000. கயிறும் வார்ப்பட்டியும் தேய்வதற்கு 2,000. காப்புறுதிக்கென்று ஒதுக்கியது 1,500. தன் கூலி 8,000. எல்லாம் சேர்த்து 26,500. மிச்சம் 1,500 தான் அவரது இலாபம். இந்தத் தொகைகள் அந்த ஒரு மரத்துக்கானவை. ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் மாறும். ஆனால் இந்தத் தாளில் கொழுத்த இலாபம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பது வியாபாரி எவருக்கும் விளங்கும்.

ஐயாயிரத்துக்கு வெட்டுபவரின் தாளில் என்ன இருக்கும்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவார். கீழே ஆள் இல்லை. கயிறு இருந்தால் அது கிணற்றுக் கயிறு. கிளை எந்தப் பக்கம் விழும் என்பது விழும்போதுதான் தெரியும். ஐந்து சீற் உடைந்தால் அந்தச் செலவு முதலாளியின் தலையில். ஆள் விழுந்தால்? அந்தக் குடும்பத்தின் தலையில். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் ஒருவரையேனும் அறியாத ஊர் நமது கரையோரத்தில் இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். மீதிச் செலவை வேறு யாரோ சுமப்பதால்தான் அந்த ஐயாயிரம் ஐயாயிரமாக நிற்கிறது.

சட்டமும் இங்கே வருகிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2022 இல் அதைத் திருத்தி நட்டஈட்டின் உச்சவரம்பையும் உயர்த்தினார்கள். தமது தொழிலின் வழமையான வேலைக்கு ஆள் அமர்த்துபவர், அந்த வேலையால் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் பொறுப்பாளி. தோட்டக்காரருக்குத் தேங்காயும் ஓலையும் வழமையான தொழில்தான். “நான் நாட்கூலிக்குத்தானே கூப்பிட்டேன்” என்பது எல்லா நேரத்திலும் கைகொடுக்காது. தோட்டமோ விடுதியோ களஞ்சியமோ வைத்திருக்கும் வாசகர்கள் தமது சட்டத்தரணியிடம் இதை ஒரு தடவை கேட்டுவைப்பது நல்லது. ஆள் விழுந்த பிறகு கேட்பதைவிட அதற்குச் செலவு குறைவு.

விழும் மரம் என்ன செய்யும் என்பதைத் தலைநகரமே ஒரு தடவை பார்த்துவிட்டது. 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி காலை மழையில், கொழும்பு கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாஸாவுக்கு அருகே வீதியோர மரம் ஒன்று பஸ் மீது விழுந்து ஐவர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகுதான் நகரத்து மரங்களில் எது ஆபத்தானது என்ற பேச்சு எல்லோர் வாயிலும் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது புத்தளம் மாவட்டமும் தப்பவில்லை. இப்படியான ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் மக்கள் செய்வது ஒன்றுதான். பயத்தில் நல்ல மரத்தையும் கெட்ட மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். எது நிற்கும், எது விழும் என்று பிரித்துச் சொல்லும் ஆள் இல்லாததுதான் காரணம்.

நான் அந்த இளைஞரிடம் சொன்னதும் இதைத்தான். வேலை தேடிப் போகாதீர்கள். ஏதாவதொரு மரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பவரைத் தேடிப் போங்கள். பயம் உள்ள இடத்தில் விலையைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்தத் தொழிலை அமெரிக்காவில் ஒரு தொழிலாக நிலைநிறுத்திய ஜோன் டேவி என்பவரின் வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. அவர் 1846 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இருபது வயதுவரை எழுத்து வாசிக்கத் தெரியாதவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் என்ற சிற்றூரில் அவர் ஏற்றுக்கொண்ட வேலை ஒரு மயானத்தைப் பராமரிப்பது. கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தின் மரங்களை அவர் சீர்படுத்தியதை, அடக்கத்துக்கு வந்த ஊர் மக்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு படம்பிடிக்கக் கற்றுக்கொண்டு, மரங்களின் நோயையும் சிகிச்சையையும் படங்களோடு விளக்கி ‘த ட்ரீ டொக்டர்’ என்ற நூலை 1901 இல் வெளியிட்டார். 1909 இல் கம்பனியைப் பதிவு செய்தார். 1979 இல் அந்தக் கம்பனியை அதன் ஊழியர்களே வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. மயானத்தில் தொடங்கிய வியாபாரம்!

நமது ஊர்களில் பழைய, பெரிய மரங்கள் மிஞ்சியிருப்பதும் மையவாடியிலும் பள்ளிவாசல் வளவிலும் பாடசாலை மைதானத்திலும்தான். வீட்டு வளவில் வெட்டுவதற்குத் தடையில்லாத மரத்தை உரிமையாளர் ஒரே நாளில் விழுத்திவிடலாம். பொது இடத்து மரத்துக்கு நிர்வாக சபை கூட வேண்டும், பேச வேண்டும், இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்குள் மரம் இன்னும் பத்து வருடம் வளர்ந்துவிடும்.

அயலூர்ப் பள்ளிவாசல் ஒன்றின் மையவாடியில் அப்படி ஒரு புளியமரம் நின்றது. ஒரு கிளை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் குசினிக் கூரைக்கு மேல். இன்னொன்று ஜனாஸா கொண்டுவரும் பாதைக்கு மேல். அடியோடு தறிக்க வேண்டும் என்று சிலர். அடக்கம் செய்ய வருபவர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் ஒரே நிழல், கை வைக்கக் கூடாது என்று சிலர். இளைஞரை அங்கே அனுப்பினேன். அவர் வாளைக் கொண்டுபோகவில்லை. ஒரு மரச் சுத்தியலைக் கொண்டுபோனார். அடிமரத்தைச் சுற்றித் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். உள்ளே உக்கியிருந்தால் சத்தம் மாறும். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அடிமரம் உறுதி, பாதைக்கு மேலுள்ள கிளை பொந்து விழுந்தது, குசினிக்கு மேலுள்ளது நல்ல கிளை ஆனால் பாரம் கூட, ஆகவே முதலாவதை முழுதாக எடுத்து இரண்டாவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எத்தனை மணித்தியாலம், எத்தனை பேர், யார் எங்கே நிற்பார்கள், கூரை உடைந்தால் யார் பொறுப்பு, இடையில் ஜனாஸா வந்தால் வேலையை எப்படி நிறுத்துவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. சபையில் இரு சாராரும் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டார்கள். வருடக்கணக்கில் நடந்த தர்க்கம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அவர் வாளைக் கையில் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

பள்ளிவாசல் வேலை, அதுவும் முதல் வேலை, இலவசமாகச் செய்துகொடுக்கிறேன் என்றார். நோக்கம் நல்லது. ஆனால் நான் வேறு வழி சொன்னேன். பற்றுச்சீட்டில் முழுத்தொகையையும் எழுதுங்கள். கொடுக்க விரும்பும் அன்பளிப்பை அதற்குக் கீழே தனி வரியில் கழியுங்கள். இலவசம் என்று போனால் ஊரில் அந்த வேலையின் விலை சைபர் என்றுதான் பரவும். இரண்டு வரியாக எழுதினால் அன்பளிப்பும் நிற்கும், விலையும் நிற்கும். அப்படியே செய்தார்.

வேலை நடந்த அன்று நானும் மதிலோரம் நின்றேன். கிளையை அவர் வெட்டிய முறையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ஆளை அமர்த்தும் முதலாளி தன் கண்ணாலேயே தரத்தை அளந்துகொள்ள இதைவிட இலகுவான வழியில்லை. பாரமான கிளையை அடிமரத்தோடு ஒட்டி ஒரே வெட்டில் வெட்டினால், அது முறிந்து விழும்போது அடிமரத்தின் பட்டையையும் நார் நாராக உரித்துக்கொண்டு போகும். தெரிந்தவர் அடிமரத்திலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் முதலில் ஒரு வெட்டுப் போடுவார். பிறகு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து வெட்டுவார். பாரம் போய்விடும். மூன்றாவதாகத்தான் மிச்சமுள்ள கட்டையை எடுப்பார். அதையும் அடிமரத்தோடு வழித்து எடுக்க மாட்டார். கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்டுவார். அந்தக் கழுத்திலிருந்துதான் மரம் புதுத் தசை வளர்த்துக் காயத்தை மூடுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து உலகத்துக்கு உணர்த்திய உண்மை இது. அவர் 2006 இல் காலமானார்.

வெட்டி முடிந்ததும் பெரியவர் ஒருவர் தார் டின்னோடு வந்தார். “வாப்பா காலத்திலேயிருந்து பூசுறதுதானே, தம்பி” என்றார். இளைஞர் பணிவாக, “வேணாம் ஹாஜியார், இந்த மரத்துக்குத் தேவையில்ல” என்றார். தார் பூசினால் உக்கல் நிற்பதில்லை, சில வேளை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும் என்பதுதான் ஷைகோ போன்றவர்களின் முடிவு. ஆனால் தென்னை வேறு கதை. தென்னை, பனை, பேரீச்சைக்குக் காயத்தை மூடும் அந்தப் புதுத் தசையே கிடையாது. தண்டில் ஒரு தடவை கொத்தினால் அந்தத் தழும்பு மரம் சாகும்வரை இருக்கும். பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். ஆகவே தென்னையில் பட்ட வெட்டுக்குத் தார் பூசி மூடுவதில் நியாயம் இருக்கிறது. வட்டின் நடுவிலுள்ள ஒரே குருத்துத்தான் அதன் உயிர். மாமரத்தைக் குறைப்பதுபோலத் தென்னையை மேலால் குறைக்க முடியாது. குருத்துப் போனால் மரம் போச்சு. தென்னந்தோட்டத்துக்குள் வந்து காலில் முள் ஆணியைக் கட்டிக்கொண்டு ஏறப் பார்க்கும் ஆளை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். இவற்றையெல்லாம் விளக்கிச் சொல்ல நமது மாவட்டத்திலேயே, லுணுவிலையில், 1929 இலிருந்து ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. எத்தனை தோட்டக்காரர் அங்கே ஒரு தடவையேனும் போயிருக்கிறோம்?

மையவாடி வேலை முடிந்த அதே கிழமையில் குசினிக்காரர் தன் வளவில் நின்ற வேம்பைக் காட்டினார். அவரது மைத்துனர் தன் கடைக்குப் பின்னால் நின்ற ஈரப்பலாவைக் காட்டினார். கற்பிட்டிப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்தது. விருந்தினர் சாய்ந்து படுக்கும் கதிரைகளுக்கு நேர் மேலே தேங்காய்க் குலையும் காவோலையும். இங்கே கொக்கத்தடிக்காரரை அழைக்க முடியாது. விழுத்தினால் எங்கே விழும் என்பதுதான் அவர்களது கவலையே. கயிற்றில் ஏறிக் குலையைக் கட்டி இறக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று பேசி முடித்தார்கள். ஒரு தடவை வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடுதிக்காரர் முதலில் கேட்டது வியாபாரப் பதிவு இருக்கிறதா என்பதுதான். பதிவு இல்லாமல் அவர்கள் காசோலை எழுத மாட்டார்கள். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொண்டு வந்தார்.

கேரளத்தில் இதே பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து அணுகினார்கள். அங்கே தென்னை ஏற ஆள் கிடைக்காமல் தேங்காய் மரத்திலேயே முற்றிக் காய்ந்தது. 2011 இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, காலால் மிதித்து ஏறும் கருவி, விபத்துக் காப்புறுதி. பெண்களும் வந்து பயின்றார்கள். பயின்ற எல்லோரும் தொழிலில் நிலைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஏறத் தெரிந்தவர் ஒரு மூலையில், ஏற ஆள் தேடுபவர் இன்னொரு மூலையில் என்றிருந்தால் சான்றிதழ் என்ன செய்யும்? பிற்காலத்தில் ‘ஹலோ நாரியல்’ என்று தொலைபேசி அழைப்பு நிலையம் ஒன்றையும் வைத்து இரு தரப்பையும் இணைத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மதுரங்குளியிலும் பாலாவியிலும் கற்பிட்டியிலும் உள்ள ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு கொப்பி இருந்தால் போதும். சீற் மாற்ற வருபவர்களில் சிலர் ஏன் மாற்ற வருகிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். எனது பார்வையில் இந்த இளைஞருக்கு முதல் முகவர் அந்தக் கடைக்காரர்தான்.

புதிதாகப் படித்துவிட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சான்றிதழ் எடுத்த மறுநாளே உச்சிக்கு ஏற எவரும் விடமாட்டார்கள். இங்கிலாந்தில்கூடப் புதியவரின் முதல் வேலை பெரும்பாலும் நிலத்தில்தான். கிளை இழுப்பது, கயிறு பிடிப்பது, மேலே இருப்பவரின் கையசைவைப் படிப்பது. சர்வதேச மரப் பராமரிப்பாளர் சங்கத்தின் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கே பொதுவாக மூன்று வருட முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். இங்கிலாந்துப் பாதுகாப்பு வழிகாட்டலின்படி ஒருவர் தனியாக மரம் ஏறக்கூடாது. குறைந்தது இருவர் வேண்டும், கீழே நிற்பவர் மேலே மயங்கித் தொங்குபவரைக் கயிற்றிலேறி இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நமது இளைஞருக்கு இன்னும் சரியாக அமையாதது இதுதான். கயிறு பிடிக்க ஆள் இருக்கிறார்கள், ஏறிக் காப்பாற்ற ஆள் இல்லை. தன் தம்பி முறையான ஒருவரைக் கிழமைக்கு இரண்டு நாள் வளவு வேம்பில் ஏற்றிப் பழக்குகிறார். அவர் பழகும்வரை உயரமான வேலைகளை ஏற்பதில்லை. அதனால் கைநழுவிய வேலைகளும் உண்டு. அது சரியான முடிவு என்றுதான் நான் கருதுகிறேன். அனுபவத்தால் தொழில் கற்றவர்களை மதிப்பிட்டு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நமது நாட்டிலும் இருக்கிறது. தமது வேலைக்கு மிக நெருங்கிய பிரிவு எது என்று தொழிற்பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

அனுமதி விடயத்தில் அவசரம் கூடாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தென்னையைத் தறிப்பதானால் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலரிடம் முதலில் கேளுங்கள். கிளை குறைப்பதா, மரத்தையே தறிப்பதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் தெளிவாகச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இயந்திர வாள்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று 2019 இல் அரசாங்கம் அறிவித்ததை மறந்துவிட்டுப் பழைய வாளை மலிவுக்கு வாங்கிச் சிக்கிக்கொள்ள வேண்டாம். மின்கம்பி தொட்டோ நெருங்கியோ நிற்கும் கிளைக்கு எந்த விலையும் பேசாதீர்கள். மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கடைசியாக, வெட்டி இறக்கியதைப் பற்றி. வாகனக் கூலி 4,000 என்று அவரது தாளில் இருந்ததல்லவா? அது இப்போது மெல்லக் குறைகிறது. புளி, வேம்பு விறகைப் பேக்கரிக்காரர் தன் வாகனத்திலேயே வந்து ஏற்றிக்கொள்கிறார். காவோலையையும் பன்னாடையையும் அடுப்புக்கும், ஈர்க்கை விளக்குமாற்றுக்கும் பெண்கள் கேட்டு எடுத்துச் செல்கிறார்கள். கிளைகளைத் தூளாக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்தால் அந்தத் தூளைத் தென்னை அடியில் பரப்ப வாங்கிக்கொள்ளத் தயார் என்று ஒரு தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். பழைய இயந்திரம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் சிலாபத்திலிருந்து தகவல் வந்தது. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விலை கேட்கப் போனார். உரிமையாளர் கேட்ட தொகைக்கும் இவர் கையிலிருந்ததற்கும் நடுவில் இன்னும் நான்கைந்து மரங்கள் நிற்கின்றன.